எறிந்த கல்லும் இப்னு சீனாவும்

உங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் பந்தை மேலே எறிந்து பிடித்து விளையாடுவதைப் பன்முறை கண்டிருப்பீர்கள். பந்து கையை விட்டு நீங்குகிறது, ஏற ஏற வேகம் தளர்கிறது, உச்சியை எட்டுகிறது, பின்னர் இறங்கத் தொடங்கி, வர வர விரைந்து, எறிந்தவன் கைக்கே வந்து சேர்கிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த முறை அப்பிள்ளைகளை அழைத்து இவ்வொரு வினாவை மட்டும் தொடுத்துப் பாருங்கள். கையை விட்டுப் போய்விட்ட பந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், அதன்மீது செயல்படும் விசை யாது? அது எத்திசையில் செயல்படுகிறது?

கை கொடுத்த விசை பந்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது என்றும், உச்சியில் அவ்விசை தீர்ந்துபோகிறது என்றும், அதன் பிறகே பூமி அதனை இழுக்கிறது என்றும் அவர்கள் விடை சொல்லக்கூடும். பிள்ளைகள் மட்டுமல்லர், படித்துப் பட்டம் பெற்றவர்களிலும் பலர் இதையே சொல்வர். அறிவுக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் இவ்விடை முற்றிலும் தவறானது. காற்றின் தடையைச் சற்றே ஒதுக்கி வைத்துப் பார்த்தால், கையை விட்டு நீங்கிய கணம் முதல் பந்தின்மீது செயல்படும் விசை ஒன்றே ஒன்றுதான். அது பூமியின் ஈர்ப்பு. அதன் திசை கீழ்நோக்கியதே. ஏறும்போதும் கீழ்நோக்கி, உச்சியிலும் கீழ்நோக்கி, இறங்கும்போதும் கீழ்நோக்கி. மேல்நோக்கித் தள்ளுவது எதுவுமே இல்லை.

இவ்வுண்மையை அடைவதற்கு மனித குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்நெடும் பாதையில் பாதித் தொலைவைக் கடந்து நின்ற ஒரு பெருமகனின் வரலாற்றையே இவ்வாரம் உங்கள்முன் வைக்க விழைகின்றோம். அவர் வேறெவரும் அல்லர். ஹகீம்களின் தலைவர் என்றும், மருத்துவ மாமேதை என்றும் நாம் பாராட்டும் அபூ அலீ அல்ஹுசைன் இப்னு அப்தில்லாஹ் இப்னு சீனா அவர்களே. மேனாட்டார் அவிசென்னா என்று அழைப்பதும் இவரைத்தான். அவருடைய மருத்துவப் பெருநூலாகிய அல்கானூனை அறியாதார் நம்மிடையே குறைவு. அவர் எறிந்த கல்லைப் பற்றியும் சிந்தித்தார் என்பதை அறிந்தாரும் குறைவே.

ஹிஜ்ரி 370ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 980இல், புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இன்றைய உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ள ஊர் அது. தந்தை அப்துல்லாஹ் பல்கு நகரிலிருந்து வந்தவர். சாமானிய அரசர் நூஹ் இப்னு மன்சூரின் ஆட்சியில் அப்பகுதியின் நிருவாகப் பொறுப்பில் இருந்தவர். தாயார் பெயர் சிதாரா. குடும்பம் புகாராவுக்குக் குடிபெயர்ந்த பின், பத்து வயது நிரம்பும்போது திருக்குர்ஆனை அவர் மனனம் செய்து முடித்திருந்தார். ஃபிக்ஹுக் கல்வியை இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்னும் பெரியாரிடம் பயின்றார். கணக்கு கற்கத் தந்தை அவரை யாரிடம் அனுப்பினார் தெரியுமா? இந்தியக் கணித முறையை நன்கறிந்த ஒரு காய்கறி வணிகரிடம்! நம் நாட்டு எண்முறை அன்று புகாராவின் கடைத்தெரு வரை போயிருந்தது என்பதை எண்ணும்போது நம் உள்ளம் பூரிக்கின்றதன்றோ!

பின்னர் நாத்திலீ என்னும் அறிஞரிடம் தர்க்கமும் யூக்ளிடின் வடிவ கணிதமும் தொடங்கினார். சில நாள்களிலேயே ஆசிரியரால் விளக்க இயலாத இடங்களை மாணவர் விளக்கத் தொடங்கிவிட்டார். பதினாறு வயதில் மருத்துவம் கைவந்தது. விளங்காத சிக்கல் ஒன்று எதிர்ப்படும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அச்சிக்கலை அவிழ்த்துத் தருமாறு படைத்தவனிடம் இறைஞ்சுவது தம் வழக்கம் என்று அவரே தம் வரலாற்றில் கூறியுள்ளார். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை அவர் நாற்பது முறை படித்தும் அது விளங்கவில்லை. நூல் மனப்பாடமாயிற்று, பொருள் மட்டும் பிடிபடவில்லை. ஒருநாள் மாலை புத்தகக் கடைத்தெருவில், பணத் தேவையால் ஒருவர் விற்ற நூலொன்றை மூன்று திர்ஹம் கொடுத்து வேண்டா வெறுப்பாக வாங்கினார். அந்நூல் அல்ஃபாராபீ அவர்கள் எழுதிய விளக்கம். வீட்டுக்குச் சென்று படித்த மாத்திரத்தில் இருள் நீங்கிற்று. மறுநாள் ஏழைகளுக்குத் தாராளமாகத் தர்மம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

அரசர் நூஹ் நோயுற்றபோது அவருக்கு மருத்துவம் செய்ய அழைக்கப்பட்டதும், அதன் பயனாக அரண்மனை நூலகத்தில் நுழைய அனுமதி பெற்றதும், அறை அறையாகப் பெட்டிகளில் அடுக்கியிருந்த நூல்களைப் படித்து முடித்ததும் அவருக்குப் பதினெட்டு வயது நிறைவதற்குள் நிகழ்ந்தவை. இவற்றைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் விரைந்து கடப்போம்.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அக்காலத்தையொட்டி நடந்த ஒரு கடிதப் போராட்டம். குவாரிஸம் நாட்டில் அபூ ரைஹான் அல்பீரூனீ என்னும் இளைஞர் இருந்தார். பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அதே பீரூனீ அவர்கள்தாம்; இப்னு சீனாவைவிட ஏழாண்டு மூத்தவர். அவர் பதினெட்டு வினாக்களை எழுதிப் புகாராவுக்கு அனுப்பினார். அவற்றுள் பத்து வினாக்கள் வானத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய நூலைக் குடைந்தவை. முதல் வினாவே பாரத்தைப் பற்றியது. கல்லுக்கும் மண்ணுக்கும் கனம் உண்டு, நெருப்புக்கு இலேசான தன்மை உண்டு, வானத்துக் கோளங்களுக்கோ இரண்டும் இல்லை என்று கிரேக்க ஞானி கூறுகிறாரே, அதற்குப் போதிய சான்று எங்கே என்று பீரூனீ கேட்டார். வானப் பொருள்கள் வட்டத்தில் சுற்றுபவை, ஆதலின் அவற்றுக்கு மேலும் கீழும் இல்லை என்று அரிஸ்டாட்டிலின் பக்கம் நின்று இப்னு சீனா விடையளித்தார். பீரூனீ ஏற்கவில்லை; மறுத்து எழுதினார். சொற்கள் சூடேறின. இறுதியில் மாணவர் மஅஸூமீ ஆசிரியருக்காகப் பதில் எழுத வேண்டியதாயிற்று.

இவ்வொரு வினாவைப் பொறுத்தவரை, இளமையிலேயே தலைசிறந்தவராயிருந்த இப்னு சீனாவை வென்று நிற்பது பீரூனீயின் ஐயமே என்பது எம் கருத்து. ஏனெனில் சந்திரனும் கல்லைப் போலவே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கும் பொருள் என்பதை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து நியூட்டன் நிறுவிக் காட்டினார்.

தந்தை மறைந்தார்; சாமானிய அரசு கி.பி. 999இல் வீழ்ந்தது. இருபத்திரண்டு வயதளவில் இப்னு சீனா புகாராவை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் ஊர் ஊராக அலைந்தவரே. குர்கஞ்சு, நசா, அபீவர்த், தூஸ் என்று தங்கித் தங்கிச் சென்று, காபூஸ் என்னும் அமீரின் ஆதரவை நாடி ஜுர்ஜான் அடைந்தால், அவரோ அதற்குள் சிறைப்பட்டு இறந்துவிட்டார். அந்த ஜுர்ஜானில் கிடைத்த பெருஞ்செல்வம் ஒன்று உண்டு. அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ என்னும் மாணவர் அங்கேதான் அவரை வந்தடைந்தார். அன்று முதல் ஆசிரியரின் இறுதி நாள் வரை அவர் நிழல்போல் உடனிருந்தார். இப்னு சீனா சொல்லி எழுதுவித்த தம் இளமை வரலாறும், அதன் தொடர்ச்சியாக ஜூஸ்ஜானீ எழுதிய பிற்கால வரலாறும் இல்லையென்றால் இக்கட்டுரையே இல்லை.

ரய் நகர் வழியாக அவர் ஹமதானுக்கு வந்தது கி.பி. 1015இல். அங்கே அமீர் ஷம்ஸுத் தவ்லாவின் வயிற்று நோயைத் தீர்த்து, அவருடைய வஸீராகவும் ஆனார். மருத்துவர் அமைச்சரானால் படைவீரர்கள் மகிழ்வார்களா? கலகம் மூண்டது. வீட்டைச் சூறையாடினர், அவரைக் கொன்றுவிட வேண்டும் என்று அமீரிடம் வற்புறுத்தினர். அமீர் கொலைக்கு இசையவில்லை, பதவியிலிருந்து நீக்கினார். நாற்பது நாள் ஒரு நண்பர் வீட்டில் மறைந்திருந்தார் நம் அறிஞர். அமீருக்கு நோய் திரும்பியதும் அவரைத் தேடிப் பிடித்து, வருத்தம் தெரிவித்து, மீண்டும் வஸீர் ஆக்கினர்!

இக்காலத்தில்தான் ஜூஸ்ஜானீயின் வேண்டுகோளை ஏற்று, அஷ்ஷிஃபா என்னும் பெரும் அறிவுக் களஞ்சியத்தின் இயற்கைப் பகுதியைத் தொடங்கினார். பெயரைக் கண்டு மருத்துவ நூல் என எண்ணிவிடாதீர்கள். அறியாமை என்னும் நோய்க்கு மருந்தாக எழுதப்பட்ட தத்துவ நூல் அது. பகலெல்லாம் அமீரின் பணி. இரவில் மாணவர் கூட்டம். இவ்வாறு நூல் நடந்தது. கி.பி. 1021இல் ஷம்ஸுத் தவ்லா இறந்தார். அவருடைய மைந்தரின்கீழ்ப் பதவி ஏற்க மறுத்த இப்னு சீனா, அபூ காலிப் என்னும் மருந்து வணிகரின் இல்லத்தில் ஒளிந்துகொண்டார். தாளும் மையும் மட்டுமே கேட்டார். பார்த்து எழுத ஒரு நூலும் கையில் இல்லை. இரண்டு நாளில் தலைப்புகளை எல்லாம் நினைவிலிருந்தே எழுதி முன்னே வைத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொன்றாக எடுத்து, நாளொன்றுக்கு ஐம்பது தாள் வீதம் விளக்கி எழுதினார். மரம் செடிகள், விலங்குகள் பற்றிய பாகங்கள் நீங்கலாக, இயற்கைப் பகுதியும் மெய்ப்பொருள் பகுதியும் அந்த மறைவிடத்தில்தான் நிறைவுற்றன. கதவு எப்போது தட்டப்படுமோ என்ற நிலையில் அமர்ந்து எழுதினார் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த இயற்கைப் பகுதியில்தான் எறிந்த கல்லைப் பற்றிய ஆராய்ச்சி இடம்பெறுகிறது.

சிக்கல் இதுதான். ஒரு பொருளை நகர்த்துவது எதுவோ அது அப்பொருளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. மாடு இழுக்கும் வரை வண்டி ஓடும். மாடு நின்றால் வண்டியும் நின்றுவிடும். அப்படியானால், கையை விட்டுப் போன கல்லை எது நகர்த்துகிறது? காற்றுத்தான் என்று அவர் விடை சொன்னார். எறியும் கை காற்றையும் சேர்த்தே தள்ளுகிறது; அக்காற்று கல்லைக் கொண்டுசெல்கிறது என்றார். வாசகர்களே, இதனை நீங்களே சோதிக்கலாம். காற்றுத்தான் தாங்கிச் செல்வதென்றால், கல்லைவிட வைக்கோல் துரும்பு அல்லவா தொலைவில் போய் விழ வேண்டும்? ஆனால் துரும்பு காலடியிலேயே விழுகிறது.

இக்கொள்கையை முதலில் மறுத்தவர் இப்னு சீனா அல்லர். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த, அரபு நூல்கள் யஹ்யா அந்நஹ்வீ என்று குறிக்கும் அறிஞர், எறிபவன் கல்லுக்குள்ளேயே ஒருவகை ஆற்றலைப் புகுத்துகிறான் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவ்வாற்றல் தானாகவே தேய்ந்து அழியும் என்பது அவர் எண்ணம். இப்னு சீனா அதனை எடுத்துச் சீர்செய்தார். அவர் ஆண்ட சொல் மய்ல் என்பது. நம் சாலையோரக் கற்களில் எழுதிய மைல் அன்று இது. சாய்தல், நாட்டம் கொள்ளுதல் என்று பொருள்படும் அரபுச் சொல். கல் தன் இயல்பினாலேயே கீழ்நோக்கிச் சாய்வது இயற்கைச் சாய்வு. கை அதற்குள் வலிந்து புகுத்துவது வலிந்த சாய்வு. கல் கையை விட்டுச் சென்றபின் அதனைக் கொண்டுசெல்வது வெளியே உள்ள காற்று அன்று. கல்லோடு கூடவே செல்லும் அந்தச் சாய்வே என்றார். காற்று உதவி செய்வதில்லை. தடைதான் செய்கிறது என்றும் கண்டார்.

இனி வருவதுதான் அவர் அறிவின் உச்சம். வலிந்த சாய்வு தானாக அழிவதில்லை; வெளியிலிருந்து ஏதேனும் எதிர்த்தால்தான் குறையும் என்றார். அப்படியானால் எதிர்ப்பதற்கு எதுவுமே இல்லாத வெற்றிடத்தில் எறிந்த பொருள் என்ன ஆகும்? நிற்கவே நிற்காது, என்றென்றும் சென்றுகொண்டே இருக்கும் என்று அவர் வாதத்தின் போக்கிலேயே வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தவர் என்ன செய்தார்? அவ்வாறு முடிவின்றிச் செல்லும் எறிபொருளை எங்கும் காணோம். ஆகவே வெற்றிடம் என்பதே இல்லை என்று முடித்துவிட்டார்! பொற்காசைக் கையில் எடுத்து, இப்படி ஒரு காசு இருக்க முடியாது என்று சொல்லிக் கீழே வைத்ததைப் போன்றதே இது. கி.பி. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் என்னும் விண்கலங்கள் இரண்டும், தள்ளுவதற்கு எந்திரம் இயங்காமலேயே கதிரவனின் கோள்களையெல்லாம் கடந்து இன்னமும் சென்றுகொண்டிருக்கின்றன. அவர் இல்லை என்று ஒதுக்கிய காட்சி இதுவே.

நேயர்களே, இவ்விடத்தில் ஒன்றை மனந்திறந்து சொல்லவேண்டும். நியூட்டனின் விதிகள் அனைத்தையும் நம் முன்னோர் அன்றே எழுதிவைத்துவிட்டனர் என்று மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். அது இப்னு சீனாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் எதனைக் கண்டார், எங்கே நின்றார் என்பதை உள்ளபடி சொல்வதே அவர் புகழுக்கு ஏற்றது. ஏறும் கல்லுக்குள் மேல்நோக்கிய ஏதோ ஒன்று இருந்து அதனைக் கொண்டுசெல்கிறது என்றுதான் அவரும் எண்ணினார். இயற்கைச் சாய்வும் வலிந்த சாய்வும் ஒரே வேளையில் ஒரு கல்லில் கூடி இருக்கமாட்டா என்றும் கருதினார். அதனால், ஏறி முடித்த கல் உச்சியில் சற்றே ஓய்ந்து நின்று, பிறகே இறங்கத் தொடங்கும் என்று கொண்டார். முற்றத்தில் பந்து எறியும் பிள்ளைகள் சொல்லும் விடைக்கும் இதற்கும் உள்ள உறவு உங்களுக்குப் புலப்படுகிறதன்றோ?

மறுபாதியைக் கண்டவர் நூறாண்டு கழித்துப் பக்தாதில் தோன்றினார். அபுல் பரகாத் ஹிபதுல்லாஹ் என்பது அவர் பெயர். யூதக் குடும்பத்தில் பிறந்து, கலீபாக்களுக்கும் சல்ஜூக் சுல்தான்களுக்கும் மருத்துவராக விளங்கி, முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். கித்தாபுல் முஅதபர் என்பது அவர் இயற்றிய நூல். அந்நூலை 1930களின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கி வெளியிட்டது நம் ஹைதராபாத் நகரின் தாயிரத்துல் மஆரிஃப் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி.

இரு சாய்வுகளும் ஒரே கல்லில் ஒரே வேளையில் இருக்கலாம். உச்சியில் ஓய்வு என ஒன்றும் இல்லை என்று அபுல் பரகாத் இப்னு சீனாவை மறுத்தார். அதைவிடப் பெரியது மற்றொன்று. விழும் கல் ஏன் வர வர விரைகிறது? கல்லின் கனம் தொடக்கத்தில் ஒருமுறை தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு கணமும் சாய்வின்மேல் சாய்வைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வேகம் பெருகுகிறது என்றார். விசை என்பது வேகத்தைத் தருவதன்று, வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பது என்னும் உண்மையின் வாயிற்படி இது. ஆனால் வலிந்த சாய்வு தானாகத் தேயும் என்னும் பழைய எண்ணத்துக்கே அவர் திரும்பிவிட்டார்! ஒருவர் கையில் ஒரு பாதி, மற்றவர் கையில் மறு பாதி. இரண்டையும் ஒட்டிப் பார்ப்பதற்கு உலகம் மேலும் பல நூற்றாண்டு காத்திருந்தது. இக்கருத்துகள் ஐரோப்பாவுக்கு எவ்வழியாகச் சென்றன, எவ்வளவு சென்றன என்பது அறிஞரிடையே இன்றும் விவாதத்துக்குரியது. கலீலியோ கி.பி. 1638இல் வெளியிட்ட நூலில் எறிபொருள் செல்லும் பாதை பரவளையம் என்று காட்டினார். நியூட்டன் 1687இல் விசைக்கும் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை விதிகளாக்கினார்.

இரு பாதிகளையும் நாமே ஒட்டிப் பார்ப்போம். நகரும் பொருள் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு எந்த விசையும் வேண்டியதில்லை. இது இப்னு சீனா தொட்டுவிட்டுப் போன பாதி. விசை செய்வதெல்லாம் வேகத்தை மாற்றுவதே. இது அபுல் பரகாத் தொட்ட பாதி. இப்போது 160 கிராம் உள்ள ஒரு கிரிக்கெட் பந்தை நேர் மேலே, வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். கையை விட்டபின் அதன்மீது உள்ள ஒரே விசை அதன் எடை; ஏறத்தாழ 1.6 நியூட்டன். வேறு விசை எதுவும் இல்லாமையால் நிகர விசை என்பதும் அதுவே. அது வினாடிதோறும் 9.8 மீட்டர் வேகத்தைக் கீழ்நோக்கிச் சேர்க்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும், 10 என்றே கொள்வோம். முதல் வினாடியின் முடிவில் ஏறும் வேகம் 10. இரண்டாம் வினாடியின் முடிவில் சுழியம். பந்து 20 மீட்டர் உயரத்தில் உச்சியில் இருக்கிறது. மூன்றாம் வினாடியின் முடிவில் இறங்கும் வேகம் 10. நான்காம் வினாடியின் முடிவில் 20. கை மாறவில்லை, கணக்கு மாறவில்லை, விசையும் ஒரு கணமேனும் மாறவில்லை. ஏறுகையில் வேகத்தைக் கழித்ததும் இறங்குகையில் வேகத்தைக் கூட்டியதும் அதே 1.6 நியூட்டன்தான்.

உச்சியில் வேகம் சுழியம் ஆவதால் விசையும் சுழியம் ஆகிவிடுகிறது என்று எண்ணுவோர் ஒன்றைச் சிந்திக்கட்டும். அவ்விடத்தில் நிகர விசை உண்மையிலேயே இல்லாது போய்விட்டால், பந்து இறங்குவதற்குக் காரணமே இராது. அது அந்தரத்தில் அப்படியே தொங்கி நிற்க வேண்டியதுதான்! உச்சியிலும் ஈர்ப்பு முழுமையாக இருப்பதால்தான் பந்து அங்கே இமைப்பொழுதும் தங்காமல் திரும்புகிறது.

பந்தைப் பக்கவாட்டில் எறிந்தாலும் இதே நீதிதான். முன்னோக்கிய வேகத்தை மாற்ற எந்த விசையும் இல்லை. அது அப்படியே நீடிக்கும். கீழ்நோக்கிய வேகம் மட்டும் வினாடிதோறும் வளரும். ஆகையால் மொட்டைமாடியிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக வீசி, அதே கணத்தில் அதே உயரத்திலிருந்து மற்றொரு கல்லைச் சும்மா நழுவவிட்டால், இரண்டும் சமதரையை ஒரே வேளையில் எட்டும். நம்புவதற்கு அரிதாயினும் உண்மை அதுவே.

காற்று குறுக்கிடும்போது நிலைமை வேறுபடும் என்பதையும் மறைக்கலாகாது. மழைத்துளி மேகத்திலிருந்து வேகம் பெருகிக்கொண்டே வந்தால் நம் தலை தாங்காது. ஆனால் விரைய விரையக் காற்றின் எதிர்ப்பும் வளர்ந்து, துளியின் எடைக்குச் சமமாகி, நிகர விசை இல்லாதொழிய, அதன்பின் துளி ஒரே வேகத்தில் இறங்குகிறது. இறைவனின் அருட்கொடையாகிய மழை மென்மையாய் வந்து சேர்வதன் கணக்கு இது. காற்றே இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதை 1971ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகம் கண்டது. அப்போலோ 15இல் சென்ற டேவிட் ஸ்காட், சந்திரத் தரையில் நின்று ஒரு கையில் இருந்த சுத்தியலையும் மறு கையில் இருந்த பருந்தின் இறகையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

1985 ஜூன் மாதத்தில் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்றபோது, உள்ளே அனைவரும் மிதந்தனர் என்பதை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லாததால் மிதந்தனர் என்று அன்று பலரும் சொல்லக் கேட்டோம். அவ்வுயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருந்தது. ஓடமும் ஓடத்துக்குள் இருந்தோரும் எறிந்த கல்லைப் போலவே அவ்வீர்ப்பொன்றுக்கே ஆட்பட்டு, ஒரே அளவில் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தனர். பக்கவாட்டு வேகம் மிகுதியாக இருந்ததால் பூமியின் வளைவைச் சுற்றி விழுந்தனர். ஒருவரையொருவர் தாங்க வேண்டியிராத அந்நிலையே மிதத்தலாகத் தோன்றிற்று.

ஹமதானில் மருந்து வணிகரின் வீட்டில் விட்டுவந்த நம் அறிஞரிடம் இனித் திரும்புவோம். கதவு தட்டப்பட்டே விட்டது. இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவுக்கு இரகசியமாகக் கடிதம் எழுதினார் என்று குற்றம் சாட்டினர். பகைவர் காட்டிக்கொடுக்க, அவரைப் பிடித்து ஃபர்தஜான் கோட்டையில் சிறைவைத்தனர். நான்கு மாதச் சிறையிலும் மூன்று நூல்கள் பிறந்தன. விடுதலைக்குப் பின் ஒருநாள், தம்பியும் ஜூஸ்ஜானீயும் இரண்டு பணியாளரும் உடன்வர, சூஃபித் துறவியரின் உடையணிந்து ஹமதானை விட்டு வெளியேறினார். வழியில் பல இன்னல்களைத் தாங்கி இஸ்ஃபஹான் சேர்ந்தார். அலாவுத் தவ்லா அவரை மதித்து வரவேற்றார். வெள்ளிக்கிழமை இரவுகளில் அமீரின் முன்னிலையில் அறிஞர் அவை கூடும். ஷிஃபாவின் எஞ்சிய பாகங்கள் அக்காலத்தில்தான் முற்றுப்பெற்றன. 1030இல் கஜ்னி மஸ்ஊதின் படை இஸ்ஃபஹானைச் சூறையாடியபோது, அவர் பாடுபட்டு எழுதிய அல்இன்ஸாஃப் என்னும் பெருநூல் பறிபோயிற்று.

அவருடைய தத்துவக் கொள்கைகள் சிலவற்றை, குறிப்பாக உலகம் தொடக்கமற்றது என்ற கருத்தை, இமாம் கஸ்ஸாலீ அவர்கள் கடுமையாக மறுத்து நூல் எழுதியது நேயர்கள் அறிந்ததே. எறிந்த கல்லின் ஆராய்ச்சி அவ்வழக்கில் சேராதது.

தம் நூல்களால் எண்ணற்றோரின் நோய் தீர்த்த அவர், தமக்கு வந்த வயிற்று நோயைத் தீர்க்க இயலாமல் தளர்ந்தார். அலாவுத் தவ்லாவுடன் ஹமதானை நோக்கிய பயணத்தில் நோய் முற்றியது. உடலை ஆளும் ஆற்றல் கைவிட்டதென உணர்ந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். தம் அடிமைகளை விடுதலை செய்தார். பொருளை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை திருக்குர்ஆனை ஓதி முடித்தவராய் இறுதி நாள்களைக் கழித்தார். ஹிஜ்ரி 428 ரமலான் மாதத்தில், கி.பி. 1037இல், தாம் ஒளிந்து வாழ்ந்த அதே ஹமதானில் மறைந்து அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். ஆயுள் ஹிஜ்ரிக் கணக்கில் ஐம்பத்தெட்டு. உடனிருந்த ஜூஸ்ஜானீ, ஆசிரியரின் தாள்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் பணியில் அமர்ந்தார்.